பக்திப் பாலம் கடந்த கவிஞர்: நாராயண வாமன திலகர்

திலகர் என்னும் பெயரைக் கேட்டவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது பால கங்காதர திலகரின் வீரத் தோற்றமே. அவர் வாழ்ந்த காலத்திலேயே, அதே சித்பவன் அந்தண மரபில் தோன்றி, அதே மராத்திய மண்ணில் வேறொரு வழியில் நடந்த மற்றொரு திலகரும் இருந்தார். அவர் நாராயண வாமன திலகர். மராத்தியக் கவிதை மறுமலர்ச்சியின் முன்னோடிகளுள் ஒருவராகவும், மராத்தியக் கிறித்தவ இசைப்பாடல்களின் தந்தையாகவும் போற்றப்படுபவர். வாழ்வின் பொருளைத் தேடித் தேடி அலைந்த ஓர் உள்ளம், கிறித்து என்னும் நிலையில் ஊன்றி நின்று மகிழ்ச்சி கண்ட வரலாறே அவருடைய வாழ்க்கை. அம்மகிழ்ச்சிக்கு அவரும் அவருடைய துணைவியாரும் கொடுத்த விலை சிறிதன்று. அவ்விலையையும் சேர்த்து நோக்கும்போதுதான் அவ்வாழ்க்கையின் முழு வடிவம் புலப்படும்.

அலைந்த இளமை

நாராயண வாமன திலகர் 1861ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 6ஆம் நாள் கொங்கணப் பகுதியைச் சார்ந்த இரத்தினகிரி மாவட்டத்துக் கரஜ்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை வாமனராவ் கண்டிப்பு மிகுந்தவர். தாயார் ஜானகிபாய் பக்தியும் பாடல் விருப்பும் உடையவர். மகனுக்குக் கவிதை வந்தது தாய்வழிச் செல்வம் எனலாம். சிறுவனாக இருந்தபோதே தாயை இழந்த நாராயணர், அதன்பின் தந்தையின் நிழலில் நிலைகொள்ளவில்லை. வீட்டை விட்டு நாசிக் நகருக்குச் சென்றார். அங்கே கணேச சாஸ்திரி லேலே என்னும் பெரும்புலவரிடம் வடமொழி கற்றார். ஆங்கிலப் பள்ளியிலும் சிறிது காலம் பயின்றார். பட்டம் எதுவும் பெறவில்லை. எனினும் வடமொழிக் காவியங்களிலும் மராத்தியப் பக்தி இலக்கியத்திலும் அவர் பெற்ற தேர்ச்சி, பட்டதாரிகளும் வியக்கும் அளவினதாக இருந்தது.

1880ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் மனகர்ணிகாவுக்கு அப்போது வயது பதினொன்று. புகுந்த வீட்டில் இலக்குமி எனப் பெயர் பெற்ற அச்சிறுமியே பின்னாளில் மராத்திய உரைநடையின் சிகரங்களுள் ஒன்றைப் படைத்த இலக்குமிபாய் திலகர். அவர் பிறந்த வீடு ஆசாரத்தில் அளவு கடந்தது. கடையிலிருந்து வந்த உப்பையும் சர்க்கரையையும்கூட நீரில் கழுவித் தூய்மை செய்யும் வழக்கம் அவ்வீட்டில் இருந்தது. அவருக்கு வாய்த்த கணவரோ எந்தக் கட்டுக்கும் அடங்காதவர்.

திலகர் ஓரிடத்தில் தங்கியவர் அல்லர். ஆசிரியர், புராணச் சொற்பொழிவாளர், பதிப்பாசிரியர் எனப் பல பணிகளை ஏற்றார். ஏற்ற பணிகளை விரைவில் துறந்தார். சொல்லாமல் வீட்டை விட்டுப் போவார். நெடுநாள் கழித்துத் திரும்புவார். கையில் வந்த பணம் இல்லாதவர் கைக்கு அன்றே போய்விடும். அடுப்பு எரிய வேண்டும் என்னும் கவலை இலக்குமிபாய்க்கே உரியதாயிற்று. இந்த அலைச்சலை வெறும் பொறுப்பின்மை என்று தள்ளிவிட இயலாது. சாதி வேற்றுமையும் சடங்குகளின் சுமையும் தம் நாட்டை நலிவித்தன என்னும் எண்ணம் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நாடு உயர வேண்டுமாயின் சமயம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்று அவர் கருதினார். நாகபுரியில் அப்பாசாகேப் பூட்டி என்னும் செல்வரின் ஆதரவில் வடமொழி நூல்களைப் பதிப்பிக்கும் பணியில் இருந்தபோது 'ரிஷி' என்னும் சமய இதழையும் நடத்தினார். படைத்தவன் ஒருவன், மாந்தர் அனைவரும் உடன்பிறந்தார் என்னும் அடிப்படையில் புதியதொரு சமயத்தையே வகுக்கவும் அவர் முனைந்தார். கொள்கைகள் உருவாயின, அவற்றுக்கு உயிர் தருவது எது என்பதே அவருக்குப் புலப்படவில்லை.

தொடர்வண்டியில் கிடைத்த நூல்

1893ஆம் ஆண்டளவில் நாகபுரிப் பணி முடிந்தது. வேறு பணி தேடித் திலகர் ராஜ்நந்த்காவ் என்னும் சமஸ்தானத்துக்குத் தொடர்வண்டியில் புறப்பட்டார். அவர் ஏறிய பெட்டியில் ஐரோப்பியர் ஒருவர் அமர்ந்திருந்தார். அக்காலத்தில் வெள்ளையர் இருக்கும் பெட்டியில் இந்தியர் ஏறினால் முகம் சுளிப்பதே வழக்கம். இவரோ இடம் ஒதுக்கி வரவேற்றார். வடமொழி இலக்கியம் பற்றிப் பேச்சுத் தொடங்கியது. பின்னர் அது சமயம் பற்றியதாக வளர்ந்தது. விடைபெறும்போது அவர் புதிய ஏற்பாட்டு நூல் ஒன்றைத் திலகர் கையில் கொடுத்துப் படிக்குமாறு வேண்டினார். இரண்டாண்டுக்குள் திலகர் கிறித்தவர் ஆவார் என்றும் அவர் உறுதியாக உரைத்தார். திலகர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பதாக மட்டும் வாக்களித்தார். 

கொடுத்த வாக்கைக் காப்பதற்காகவே அவர் நூலைத் திறந்தார். மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் இயல்களாகிய மலைச்சொற்பொழிவுக்கு வந்ததும் அவரால் மேலே செல்லவும் இயலவில்லை. நூலை மூடவும் இயலவில்லை. தாம் முயன்று வகுத்த கொள்கைகள் யாவும் அங்கே அறிவுரைகளாக மட்டும் நில்லாமல் அன்பாக உருக்கொண்டிருந்தன. பகைவனையும் நேசித்த ஒருவருடைய வாழ்க்கையே அங்குச் சட்டமாக அமைந்திருந்தது. தம் கொள்கைகளில் இல்லாதிருந்தது இந்த உயிருள்ள ஆள்தன்மையே எனத் திலகர் உணர்ந்தார்.

அவர் தம் முன்னோரின் பக்தியை எறிந்துவிட்டுக் கிறித்துவிடம் வரவில்லை என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஞானேசுவரர், நாமதேவர், ஏகநாதர், துக்காராம் ஆகிய அடியார்களின் பாடல்கள் அவருடைய குருதியில் கலந்தவை. துக்காராமின் அபங்கங்களே தம்மைக் கிறித்துவிடம் அழைத்துவந்த பாலம் என அவர் பிற்காலத்தில் கருதினார். கடந்துவந்த பாலத்தை அவர் இடிக்கவில்லை. அதன்மேல் நின்றே பாடினார்.

பம்பாயில் இருந்த அமெரிக்க இறைப்பணியாளர் ஜஸ்டின் ஆபட் அவர்களோடு கடிதத் தொடர்பு வளர்ந்தது. இந்த ஆபட் பின்னாளில் மராத்திய அடியார்களின் வரலாறுகளையும் பாடல்களையும் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர். 1895ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10ஆம் நாள் பம்பாயில் திலகர் திருமுழுக்குப் பெற்றார்.

பிரிவின் ஆண்டுகள்

கணவருடைய திருமுழுக்குச் செய்தி இலக்குமிபாயின் வாழ்வை ஒரே நாளில் புரட்டிப் போட்டது. கணவர் உயிரோடு இருக்கிறார்; எனினும் அவர் கையால் நீர் வாங்க இயலாது. கைம்பெண்ணும் அல்லர், சுமங்கலி என்று தலை நிமிரவும் வழியில்லை. உற்றார் அவரைக் கணவரிடம் செல்லவிடாது காத்தனர். மகன் தேவதத்தன் அப்போது சிறு குழந்தை. குழந்தையோடு அவர் பண்டரிபுரத்திலும் நாசிக்கிலும் உறவினரை அண்டி வாழ்ந்தார். நான்காண்டுக்கு மேல் நீண்டது அப்பிரிவு.

திலகர் கண்ட மகிழ்ச்சி ஒருபுறம். அம்மகிழ்ச்சியால் ஓர் இளம்பெண் கொண்ட துயரம் மறுபுறம். இத்துயரத்தை மறைத்து அவருடைய மனமாற்றத்தை மட்டும் புகழ்வது நேர்மையான வரலாறு ஆகாது. திலகரும் இதனை எளிதாகக் கொள்ளவில்லை. மனைவியைத் தம் சமயத்துக்கு வற்புறுத்தி இழுக்கவும் இல்லை. வேறு திருமணம் பற்றி எண்ணவும் இல்லை. கடிதங்கள் எழுதினார், காத்திருந்தார்.

இறுதியில் முடிவெடுத்தவர் இலக்குமிபாயே. உற்றாரின் தடையை மீறிக் கணவர் இருந்த அகமத்நகருக்குச் சென்றார். சென்றவர் தம் ஆசாரத்தை விட்டுவிடவில்லை. ஒரே வளாகத்தில் தமக்கெனத் தனி அடுப்பும் தனி நீரும் வைத்து வாழ்ந்தார். திலகர் அதற்குக் குறுக்கே நிற்கவில்லை; அவருடைய ஆசாரம் கெடாதிருக்க வேண்டிய உதவிகளையும் செய்தார். அன்பு வற்புறுத்தாதபோதுதான் சிந்தனைக்கு இடம் உண்டாகிறது. சாதியைப் படைத்தவன் இறைவனா மனிதனா என்னும் வினா ஓர் இரவு இலக்குமிபாயின் உள்ளத்தில் எழுந்தது. இறைவன் படைத்திருந்தால் பிறப்பிலும் இறப்பிலும் எலும்பிலும் தசையிலும் வேற்றுமை இருந்திருக்க வேண்டுமே என்று தமக்குத் தாமே வாதிட்டார். விடை கிடைத்தது. அன்றே தீட்டு என்னும் எண்ணத்தைத் துறந்தார். யார் கையிலும் உண்ணத் துணிந்தார். 1900ஆம் ஆண்டில் அவரும் திருமுழுக்குப் பெற்றார். உப்பைக் கழுவிய வீட்டில் வளர்ந்தவர், பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தம் கையால் சோறிட்ட அன்னையானார். மனைவி கணவரைப் பின்தொடர்ந்தார் என்று இதனைச் சுருக்கிவிடலாகாது. தம் வழியில் தாமே நடந்து அவர் வந்து சேர்ந்தார் என்பதே பொருத்தமாகும்.

அபங்கமும் கீர்த்தனையும்

அகமத்நகர் அமெரிக்க மராத்திய இறைப்பணி மன்றத்தின் இருப்பிடம். அங்கிருந்த இறையியல் பள்ளியில் திலகர் ஆசிரியரானார். 1904இல் குருப்பட்டம் பெற்றார். அப்பகுதியின் கிறித்தவர்களுள் பெரும்பாலோர் மகார், மாங்கு முதலிய ஒடுக்கப்பட்ட இனத்தவர். ஊர்ப்புறத்தே ஒதுக்கி வைக்கப்பட்டவர்களோடு ஒரே பாயில் அமர்ந்து அந்தணப் புலவர் ஒருவர் பாடினார் என்பது அன்றைய சமுதாயத்தில் சிறிய செய்தியன்று. வாழ்வின் நோக்கத்தை நூல்களில் தேடியவருக்கு அந்நோக்கம் இம்மக்களிடையே கிடைத்தது.

அதுவரை மராத்தியத் திருச்சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஆங்கிலப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள். மெட்டும் மேலைநாட்டு மெட்டு. சொல்லும் மராத்திய நாவில் ஒட்டாத சொல். திலகர் இந்நிலையை மாற்றினார். வார்க்கரி அடியார்கள் பண்டரிபுரத்துக்கு நடந்து செல்கையில் பாடும் அபங்க யாப்பிலும், பஜனை வடிவிலும் கிறித்துவைப் பாடினார். கிறித்துவைத் தாயாகவும் குருவாகவும் தோழனாகவும் விளித்தார். தம்புராவும் தாளமும் ஒலிக்க நின்று கதை சொல்லும் கீர்த்தனை மரபையும் திருச்சபைக்குள் கொண்டுவந்தார். அவர் இயற்றிய நூற்றுக்கணக்கான பாடல்கள் மராத்தியத் திருச்சபையின் வழிபாட்டு நூலில் பெரும்பங்கு பெற்றன. அவருடைய அபங்கங்கள் 'அபங்காஞ்சலி' என்னும் பெயரில் தொகுக்கப்பட்டன.

தமிழர்க்கு இப்போக்குப் புதிதன்று. வைணவ மரபில் பிறந்து 1858இல் கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை, கம்பன் காட்டிய நெறியில் 'இரட்சணிய யாத்திரிக'த்தை 1894இல் வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டிலேதான் திலகர் திருமுழுக்குப் பெற்றார். தாய்மொழியின் பக்தி மரபு புதிய நம்பிக்கைக்குத் தடையாகாமல் நாவாக அமைந்தது என்பதில் இருவரும் ஒத்திருக்கக் காணலாம்.

மலர்களின் கவிஞர்

திலகரைச் சமயக் கவிஞர் என்னும் எல்லைக்குள் மட்டும் அடைத்தல் பொருந்தாது. மராத்திய வாசகர்கள் அவரை மலர்களுக்கும் மழலைகளுக்கும் உரிய கவிஞர் என்று அன்போடு அழைப்பர். காட்டில் தனித்துப் பூத்த மலரைப் பற்றிய அவருடைய 'வனவாசி பூல்' என்னும் நெடும்பாட்டு, உலகைத் துறப்பதா உலகினுள் நின்று தொண்டு செய்வதா என்னும் பழைய வினாவை ஆராய்வது. வேடன் கையால் அடிபட்டு இறக்குந் தறுவாயிலும் தன் குஞ்சுகளை நாடிக் கூட்டுக்குத் திரும்பும் தாய்ப்பறவையைப் பாடிய பாட்டு, பாடநூல்களின் வழியாகத் தலைமுறை தலைமுறையாக மராத்தியக் குழந்தைகளின் கண்களை நனைத்தது. நாட்டுப்பற்றுப் பாடல்களும் அவர் பல பாடினார். சமயம் மாறியவர் நாட்டை மறந்தவர் என்னும் பழியைப் பாடல்களாலேயே அவர் மறுத்தார்.

இளங்கவிஞர்களை வளர்ப்பதில் அவருக்கு இருந்த ஆர்வம் தனியே குறிப்பிடத்தக்கது. 1907இல் ஜள்காவில் நிகழ்ந்த கவிஞர் மாநாட்டில் பதினேழு வயது நிரம்பாத திரியம்பக பாபூஜி தோம்பரே என்னும் இளைஞர் கவிதை படித்து அவையை வியப்பில் ஆழ்த்தினார். 'பாலகவி' என்னும் பட்டமும் பெற்றார். வறுமையில் இருந்த அவ்விளைஞரைத் திலகர் தம் இல்லத்துக்கு அழைத்துக்கொண்டார். இலக்குமிபாய் அவரைப் பெற்ற மகனைப்போல் பேணினார். தோம்பரே சமயம் மாறவில்லை. மாற வேண்டும் என்று அவ்வீட்டில் எவரும் கேட்கவும் இல்லை. 1918இல் பாலகவி தொடர்வண்டியில் அடிபட்டு இளமையிலேயே மறைந்தார். அவர் பாடிய இயற்கைப் பாடல்கள் மராத்தியக் கவிதையின் அழியாச் செல்வமாயின.

இறைவனின் தர்பார்

1912 முதல் 'ஞானோதயம்' இதழின் மராத்தியப் பகுதிக்குத் திலகர் ஆசிரியராக விளங்கினார். 1842இல் தொடங்கப்பெற்ற பழம்பெரும் இதழ் அது. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் உள்ளத்தில் மற்றொரு நிறைவின்மை எழுந்தது. இறைப்பணிக்கு மாத ஊதியம் பெறுதலும், அயல்நாட்டவர் அமைத்த ஒழுங்குக்குள் நின்று இந்தியர்க்குக் கிறித்துவை அறிவித்தலும் அவருக்கு ஒவ்வாதனவாயின. கிறித்துவை வேண்டிய இந்தியர் பலர் மேலைநாட்டுத் திருச்சபை அமைப்பைக் கண்டு தயங்கி நிற்பதை அவர் அறிந்திருந்தார்.

1917ஆம் ஆண்டில் ஊதியத்தையும் பதவியையும் துறந்தார். காவி உடுத்துச் சாத்தாரா நகரில் தங்கினார். 'இறைவனின் தர்பார்' எனப் பொருள்படும் 'தேவாச்சா தர்பார்' என்னும் சகோதரக் கூட்டத்தை அங்கே நிறுவினார். திருமுழுக்குப் பெற்றோரும் பெறாதோரும் கிறித்துவை அன்பு செய்யும் ஒரே தகுதியில் அதில் சேரலாம். திருச்சபையார் சிலர் ஐயுற்றனர். இந்துக்கள் சிலரும் ஐயுற்றனர். திலகர் கவலைப்படவில்லை. இளமையில் காரணம் அறியாது வீட்டை விட்டு அலைந்தவர், முதுமையில் காரணம் அறிந்து துறவு பூண்டார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உள்நிலையில் அலைச்சல் யாத்திரையாக மாறியிருந்தது.

இம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. உடல்நலம் குன்றி, 1919ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் பம்பாயில் அவர் மறைந்தார். அவருடைய விருப்பப்படியே உடல் இந்திய முறையில் எரியூட்டப்பட்டது. அமைப்பு மறைந்தது; எண்ணம் மறையவில்லை. திலகரின் வரலாற்றை 1923இல் ஆங்கிலத்தில் எழுதிய ஜே.சி. வின்சுலோ என்னும் ஆங்கிலேயக் குரு, 1922இல் 'கிறித்த சேவா சங்கம்' என்னும் ஆசிரமக் கூட்டத்தைத் தொடங்கினார். தமிழகத்துத் திருப்பத்தூரில் 1921இல் எழுந்த கிறித்துகுல ஆசிரமமும் இதே காலவேட்கையின் மற்றொரு கனி.

முடிவுறாக் காவியம்

கிறித்துவின் வரலாற்றை இராமாயணம் போலப் பெருங்காவியமாகப் பாட வேண்டும் என்பது திலகரின் நெடுநாள் அவா. அதற்குக் 'கிறிஸ்தாயனம்' எனப் பெயரும் இட்டார். தொடக்க இயல்கள் உருவாயின. அதற்குள் காலம் முடிந்தது.

அதனை முடித்தவர் இலக்குமிபாய். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் பயிலாதவர். எழுத்தறிவைக் கணவரிடம் பெற்றவர். வடமொழிக் காவியப் பயிற்சி இல்லாதவர். அவரே கணவர் விட்ட இடத்தில் எழுதுகோலை எடுத்து அறுபத்து நான்கு இயல்களை இயற்றிக் காவியத்தை நிறைவு செய்தார். அதனோடு தம் வாழ்வையும் கணவர் வாழ்வையும் 'ஸ்மிருதி சித்திரே' என்னும் தன்வரலாறாக எழுதினார். அது 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. கணவரின் மறதி, முன்கோபம், கைவிரிந்த கொடை, தாம் தனித்துக் கிடந்த நாட்களின் துயரம் ஆகிய யாவற்றையும் நகைச்சுவை குன்றாமலும் கசப்புச் சிறிதும் இல்லாமலும் அதில் அவர் தீட்டினார். மராத்தியத் தன்வரலாற்று நூல்களுள் தலையாயவற்றில் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. 1936இல் இலக்குமிபாய் மறைந்தார். 'கிறிஸ்தாயனம்' மகன் தேவதத்தரின் முயற்சியால் 1938இல் நூலாக வெளிவந்தது.

நாராயண வாமன திலகரின் வாழ்க்கையில் மகிழ்ச்சி என்பது துன்பமின்மை அன்று. நம்பிக்கை கொண்ட பின்னரும் வறுமை இருந்தது, பிரிவு இருந்தது, ஐயுற்றோர் சூழ்ந்திருந்தனர். மாறியது ஒன்றே. தமக்கென எதையோ தேடியவர், தேடுவதை விட்டுத் தரத் தொடங்கினார். பணத்தை என்றும் தந்தவர் அவர். கிறித்துவைக் கண்டபின் தம்மையே தந்தார். அவர் தந்தது உண்மையானதா என்பதற்குப் பிறர் சான்று தேவையில்லை. அவரால் மிகவும் துன்புற்ற ஒருவரே அவர் விட்டுச் சென்ற பாட்டை எடுத்து, தாம் அடைந்த அதே மகிழ்ச்சியோடு பாடி முடித்தார். ஒரு கவிஞனின் நம்பிக்கைக்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.